நம் பேச்சில் கேட்டது

ஜீவனஹள்ளி,
12 ஜூன் 1937

அன்புள்ள பெட்டி அக்காவுக்கு பியாட்ரிஸ் எழுதுவது.

நம் குறவர் பேச்சுக்கு எழுத்து இல்லாததால் மிஷன் பள்ளித் தமிழில்தான் எழுத வேண்டியிருக்கிறது. வயிற்றுத் தையல் காய்ந்துவிட்டது. பிள்ளையைப் புதைத்த இடத்தில் என் வீட்டுக்காரர் யூஜின் ஒரு கல் வைத்தார். நீ ஒரு நடை வந்திருக்கலாம். ஆஸ்பத்திரி ஆயாவுக்கு லீவே கிடையாதா?

காக்ஸ் டவுன் டாக்டரம்மா உங்கள் ஆஸ்பத்திரியில் விசாரித்து வந்து, "கர்ப்பக் குழாயைக் கட்டிட்டாங்கம்மா. இனிமே பிள்ளை தங்காது. உனக்குத் தெரியாதா?" என்றார். பக்கத்துக் குடிசை பிரிஜெட்டுக்கும் அப்படித்தானாம். இருவரும் ஆஸ்பத்திரி மேல் மனுக் கொடுக்கிறோம். பிரசவத்தன்று என் தலைமாட்டில் நின்றவள் நீ. என்னைக் கேட்காமல் செய்தார்கள் என்று வந்து சொல். அது போதும்.

உன் தங்கை,
பியாட்ரிஸ்


ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸ்,
20 ஜூன் 1937

என் கண்ணு பியாட்ரிஸுக்கு அக்காவின் முத்தங்கள்.

ராகி மாவு கொடுத்தனுப்பியிருக்கிறேன், கஞ்சி காய்ச்சிக் குடி. இங்கே மழை விடவில்லை, வார்டெல்லாம் ஈரத்துணி.

மனுவெல்லாம் நமக்கெதற்கடி? இன்னொரு பிரசவம் நீ தாங்க மாட்டாய் என்று எங்கள் டாக்டரம்மா சொன்னார்கள். "குறத்திக்கு நாம சொல்றது விளங்காது, உங்க பாஷைல நீயே கேளு"ன்னாங்க. கேட்டேன். நீ தலையாட்டினாய். இப்போது மாற்றிச் சொன்னால் எனக்கு இந்த ஒற்றை அறையும் இல்லை. நீ உயிரோடு வேண்டும் எனக்கு, அவ்வளவுதான். கோபப்படாதே.

அக்கா பெட்டி


ஜீவனஹள்ளி,
9 ஆகஸ்டு 1937

அக்காவுக்கு,

ராகி கிடைத்தது. விசாரணை முடிந்தது. நீ வரவில்லை.

ஆயா கேட்டாள், இவள் சம்மதித்துத் தலையாட்டினாள் என்றார் உங்கள் டாக்டரம்மா. விசாரணையை எழுதிக்கொண்ட குமாஸ்தா சீனிவாசராகவன் என்னிடம், "உங்க அக்கா என்னம்மா கேட்டாங்க?" என்றார்.

தாகமாக இருக்கிறதா என்று கேட்டாய். ஆமாம் என்று தலையாட்டினேன். தண்ணீரும் நீ கொடுக்கவில்லை. அதைத்தான் சொன்னேன். சொல்லும்போது அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. பிரிஜெட்டிடம் அதுகூட யாரும் கேட்கவில்லையாம்.

தப்பு ஆயாவுடையது என்று முடித்துவிட்டார்கள். டாக்டரம்மாவுக்கு ஒன்றுமில்லை. உன் வேலைதான் போகிறதாம். நானும் பிரிஜெட்டும் மேலே மறுபடி மனுப் போடுகிறோம்.

நீ இங்கேயே வந்துவிடு. பாய் இருக்கிறது, யூஜின் ஒன்றும் சொல்லமாட்டார். ஆனால் நம் பேச்சில் என்னோடு பேசாதே. தமிழிலேயே பேசு.

பியாட்ரிஸ்