அண்ணி எழாத நாற்காலி

அல்சூர்,
9.3.1998

அன்புள்ள அண்ணிக்கு,

ஏழு வருடம் கழித்து எழுதுகிறேன். கிழிக்காமல் படியுங்கள்.

போன மாதம் ஆபீஸில் மீட்டிங் முடிந்து எல்லோரும் போனார்கள். என்னால் எழ முடியவில்லை. இரண்டு நாப்கின் வைத்தும் புடவை நனைந்திருந்தது. பக்கத்து சீட் ஜானகிதான் புரிந்துகொண்டு, "நீ முன்னாடி நட, நான் பின்னாடியே ஒட்டிக்கிட்டு வர்றேன்" என்றாள்.

கர்ப்பப்பையில் மூன்று ஃபைப்ராய்டு கட்டிகள். புற்றுநோய் இல்லை, நிறையப் பெண்களுக்கு வருவதுதான் என்றார் டாக்டர். ரத்தம் ஏழு கிராம்தான் இருக்கிறதாம். "இவ்வளவு நாள் ஏம்மா சும்மா இருந்தீங்க?" என்று கேட்டார். உடம்பு வணங்காதவள் என்று பெயர் வந்துவிடுமோ என்று பயந்ததை அவரிடம் சொல்லவில்லை. அந்தப் பெயரை உங்களுக்கு வைத்தவளே நான்தானே.

என் கல்யாணத்தில் ஆரத்தி எடுக்கக் கூப்பிட்டபோது நீங்கள் நாற்காலியை விட்டு எழவில்லை. நான் பிடிவாதமாக வாங்கிக் கொடுத்த சந்தன நிறப் பட்டுப் புடவையைக் கட்டியிருந்தீர்கள். "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முன்னாடி என்னை அவமானப்படுத்திட்டீங்க" என்று கத்தினேன். அதோடு பேச்சை விட்டேன். அடுத்த வருடம் உங்களுக்குக் கர்ப்பப்பையை எடுத்தபோதும் வந்து பார்க்கவில்லை.

வரும் வியாழக்கிழமை எனக்கு ஆபரேஷன். எந்த முகத்தோடு உங்களை வரச் சொல்வேன்? ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன். அன்று அந்த நாற்காலியிலிருந்து எழுந்தபோது, உங்கள் பின்னால் நடந்து வந்தது யார் அண்ணி?

உங்கள் நாத்தனார்