பார்க்காமல் ஊதிய விசில்

ஆகஸ்ட் 22

அன்புள்ள அண்ணா,

இங்கே மூவரும் சுகம். நீ சுகமா, உன் முழங்கால் சுகமா என்று தனித்தனியாக எழுது. இரண்டும் ஒன்றல்ல என்று எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை உன்னை டிவியில் பார்த்தோம். பதினாறு வருடம் புல்லில்லாத மைதானங்களில் விசில் ஊதியவன் முதல்நிலை கால்பந்து லீக்கில் நடுவராக ஊதுகிறாய் என்று கிளினிக்கில் ஒருவர் விடாமல் சொல்லிவிட்டேன். பல் அச்சு எடுக்க வாயைத் திறந்து உட்கார்ந்திருந்தவர்களும் தப்பவில்லை. பாவம், அவர்களால் பதில் சொல்லவும் முடியாது. உன் மருமகளுக்கு மட்டும் ஒரு குறை: "இவ்ளோ ஓடுறாரே மாமா, ஒரு தடவைகூடப் பந்த உதைக்கலையே?"

இவரும் உட்கார்ந்து பார்த்தார். "மச்சான் ஓட்டம் நல்லா இருக்கு. கார்டு எடுக்கறப்பதான் பாக்கெட்டைத் தேடறாரு, போகப் போகச் சரியாயிடும்" என்றார். உனக்குத்தான் தெரியுமே, எத்தனையாவது மாடியில் லிஃப்ட் நின்றாலும் பதறாமல் போய்ச் சரிசெய்கிற மனிதர், பச்சைச் சட்டை அணி ஒரு கோல் வாங்கினால் மூச்சு முட்டிப்போவார். இருபத்திரண்டு வருடமாக அவர்களுடைய ஒரு ஆட்டத்தையும் விட்டதில்லை. எங்கள் கல்யாணத் தேதியே அவர்கள் ஆட்டமில்லாத வாரம் பார்த்துத்தான் வைத்தது.

அதனால் கேட்கிறேன். உன்னைப் பச்சை அணியின் ஆட்டத்துக்குப் போட்டால் என்ன செய்வாய்? தங்கை வீடு பச்சைப் பைத்தியம் என்று லீக்கில் சொல்லிவிட்டாயா?

உன் தங்கை

செப்டம்பர் 6

அன்புத் தங்கைக்கு,

முழங்கால் சுகம். அதன் தயவில் நானும் சுகம்.

அலுவலகத்தில் வேலை குவிந்துகிடக்கிறது. வாரத்தில் ஐந்து நாள் கடைக்காரர்களின் தராசைச் சோதிக்கிறேன், ஆறாவது நாள் இருபத்திரண்டு ஆட்டக்காரர்களை. தராசு திரும்பத் திட்டுவதில்லை என்பதுதான் வித்தியாசம்.

நீ கேட்டதற்குப் பதில். லீக் கொடுத்த படிவத்தில் ஒரு வரி இருந்தது: நெருங்கிய உறவினர் யாருக்காவது எந்த கிளப்புடனாவது தொடர்பு உண்டா? மாப்பிள்ளை டிக்கெட் எடுத்துப் பார்க்கிறவர்தானே, கிளப்பில் வேலை செய்கிறவர் இல்லையே என்று யோசித்து 'இல்லை' என்று எழுதிவிட்டேன். வந்து சேர்ந்த அன்றே சிக்கல் சொல்கிறான் என்று பெயர் வாங்க மனம் வரவில்லை.

இதற்காக நீ கவலைப்படாதே. நான் நடுவில் நிற்கிறவன். மருமகளிடம் சொல், மாமா பந்தை உதைத்தால் மாமாவுக்கே கார்டு.

அண்ணன்

நவம்பர் 12

அன்புள்ள அண்ணா,

மூன்று நாளாக உன் போன் அணைந்துகிடக்கிறது. உன் எண்ணை யாரோ இணையத்தில் போட்டுவிட்டார்கள் என்று செய்தியில் பார்த்தேன். எத்தனை பேர் கூப்பிட்டு என்னென்ன சொன்னார்களோ. அதனால்தான் எழுதுகிறேன். கடிதம் திட்டாது.

சனிக்கிழமை இவர் அங்கேதான் இருந்தார். வெளியூர் ஆட்டம், நான்கு மணி நேரப் பயணம். ஒன்றுக்கு ஒன்று என்று இருந்தது, எண்பத்தெட்டாவது நிமிடத்தில் பந்து கையில் பட்டது என்று நீ பெனால்டி கொடுத்தாய், பச்சை கேப்டனுக்குச் சிவப்பு அட்டையும் காட்டினாய். அவர்கள் தோற்றார்கள். டிவியில் அதையே நூறு தடவை போட்டார்கள். பந்து அவர் நெஞ்சில்தான் பட்டது, அண்ணா. என் கண்ணுக்கே தெரிந்தது.

இவர் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் நேரே போய்ப் படுத்துவிட்டார். கத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். மறுநாள் காலையில் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "உங்க அண்ணன் பாத்துட்டுத்தான் ஊதினாரான்னு கேட்டு எழுது. அது போதும் எனக்கு."

கேட்டுவிட்டேன்.

உன் தங்கை

நவம்பர் 19

அன்புத் தங்கைக்கு,

சுகம். லீக்குக்குக் கொடுத்த ஆட்ட அறிக்கையில் என்ன எழுதினேனோ அதுதான். கையில் பட்டதைப் பார்த்தேன், கொடுத்தேன். டிவிக்குப் பன்னிரண்டு கண், எனக்கு இரண்டு. மாப்பிள்ளையிடம் சொல்.

அண்ணன்

ஜனவரி 15

அன்புள்ள அண்ணா,

உன் நான்கு வரிக் கடிதம் வந்தது. அப்படியே இவரிடம் கொடுத்தேன். படித்து மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு உன் பேச்சை எடுப்பதில்லை. உன் ஆட்டம் டிவியில் வந்தால் எழுந்து போய்ப் பால்கனியில் நிற்கிறார். என் அண்ணன், என் புருஷன், நடுவில் நான். நீ சம்பளத்துக்கு நிற்கிற இடத்தில் நான் சும்மா நிற்கிறேன்.

பிறந்தநாளுக்கு மாமா ஏன் வரவில்லை என்று உன் மருமகள் இரண்டு தடவை கேட்டாள். மூன்றாவது தடவை கேட்கவில்லை. அதுதான் எனக்கு வலித்தது.

பச்சை அணி பதினாறில் பதினைந்தாவது இடத்தில் இருக்கிறது. கேப்டனுக்குத் தடை விழுந்த மூன்று ஆட்டத்திலும் தோற்றார்கள். கடைசி இரண்டு அணி கீழ் லீக்குக்கு இறங்கவேண்டும். இதற்குமேல் கேப்டன் மீது விசாரணை வேறு. நீ பார்க்கவே இல்லை, பொய்யாக ஊதினாய் என்று அவர் டிவியில் சொன்னாராம், நடுவரை அவமதித்த குற்றமாம். மார்ச்சில் தீர்ப்பு. குற்றம் என்று வந்தால் மிச்ச சீசன் முழுக்க அவர் ஆடமுடியாது.

உனக்கு நான் தங்கை. நீ மறைக்கிற விஷயம் இருந்தால் உன் கடிதம் சின்னதாகிவிடும். அப்பாவின் கைக்கடிகாரத்தை நீ உடைத்துவிட்டு ஹாஸ்டலிலிருந்து எழுதியதும் நான்கே வரிதான். எனக்கு நீளமாக ஒரு கடிதம் எழுது.

உன் தங்கை

பிப்ரவரி 3

அன்புத் தங்கைக்கு,

இதை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். நான்காவதைக் கிழிப்பதற்குள் தபாலில் போட்டுவிடவேண்டும்.

நான் பார்க்கவில்லை.

இரண்டு முதுகுகள் மறைத்தன. கேப்டன் கோல் கோட்டில் விழுந்து பந்தைத் தடுத்தது தெரிந்தது, எதில் பட்டது என்று தெரியவில்லை. அரங்கம் முழுக்கக் 'கை, கை' என்று கத்தியது. உதவி நடுவரைப் பார்த்தேன். அவர் காதுக்கருவியில், "எனக்குத் தெரியல, நீங்க பாருங்க" என்றார். தெரியாவிட்டால் ஊதக் கூடாது. புதிதாக வருகிற நடுவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடமே அதுதான். ஆனாலும் ஊதினேன்.

ஏன் ஊதினேன் என்பதைத்தான் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. ஆட்டம் தொடங்கியதிலிருந்தே என் மனம் ஒரு பக்கம் சாய்ந்துகிடந்தது. பச்சைப் பக்கம் இல்லை, எதிர்ப் பக்கம். பச்சைக்கு ஒரு ஃப்ரீகிக் கொடுத்தாலும், தங்கை வீட்டுக்குப் பரிந்து ஊதுகிறான் என்று நாளைக்கு ஒருவன் சொல்லிவிடுவானோ என்று பயம். படிவத்தில் 'இல்லை' என்று எழுதியது வேறு உள்ளே அரித்தது. விசில் வாய்க்குப் போன அந்தக் கணத்தில் எனக்குத் தோன்றியது என்ன தெரியுமா? 'இனி எவனும் என்னைப் பச்சைக்காரன் என்று சொல்லமாட்டான்.' அதுதான் தோன்றியது. பந்தைப் பற்றி ஒன்றும் தோன்றவில்லை.

பிறகு அறிக்கையில் 'பார்த்தேன்' என்று எழுதினேன். தப்பாக ஊதியதை விட அதுதான் பெரிய தப்பு. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் இப்போது கேப்டனை விசாரிக்கிறார்கள். அவர் டிவியில் சொன்னது முழுக்க உண்மை.

கடைகளில் தராசு சாய்ந்திருந்தால் சீல் வைத்துவிட்டு வருகிறேன். கடைக்காரன் முகத்தை என்னால் இப்போது பார்க்க முடியவில்லை.

அண்ணன்

பிப்ரவரி 10

அன்புள்ள அண்ணா,

படித்தேன். கிளினிக்கின் பின்னறையில் உட்கார்ந்து, பிளாஸ்டர் பற்களுக்கு நடுவில், கொஞ்சம் அழுதேன். உன்மேல் கோபத்தில் இல்லை. நீளமாக எழுதினாயே, அதற்கு.

ஆனால் எனக்கு எழுதி என்ன ஆகப் போகிறது? நான் லீக்கா? எனக்குச் சொல்லிவிட்டதால் உன் பாரம் பாதி இறங்கியிருக்கும், அந்தப் பாதி இறக்கத்திலேயே நீ உட்கார்ந்துவிடுவாய். உன்னை எனக்குத் தெரியும். இந்தக் கடிதத்தை இவரிடம் காட்டமாட்டேன். நீ காட்டவேண்டிய இடம் வேறு. அங்கே காட்டிய பிறகு இவரிடம் நானே கொடுக்கிறேன்.

மார்ச் மாதம் வந்துகொண்டிருக்கிறது. அந்தக் கேப்டனுக்கு முப்பத்தைந்து வயதாம். இன்னொரு சீசன் அவருக்கு இருக்குமா தெரியாது.

விசில் போனால் போகட்டும், அண்ணா. உனக்கு நாங்கள் இருக்கிறோம்.

உன் தங்கை

மார்ச் 30

அன்புத் தங்கைக்கு,

சொல்லிவிட்டேன்.

விசாரணைக்கு மூன்று வாரம் முன்பே லீக்குக்கு எழுதி அனுப்பினேன். படிவத்தில் மறைத்தது, பார்க்காமல் ஊதியது, பார்த்தேன் என்று எழுதியது, எல்லாம். அவர்கள் என்னை நேரில் கூப்பிட்டார்கள். நீளமான மேசை, அந்தப் பக்கம் ஐந்து பேர், இந்தப் பக்கம் நானும் கேப்டனும், நடுவில் காலி நாற்காலி. தலைவர் கேட்டார், "கேப்டன் டிவியில சொன்னது பொய்யா?" "இல்ல சார். நான் எழுதினதுதான் பொய்" என்றேன். இந்த ஒரு வரிக்கு எனக்கு நான்கு மாதம் ஆகியிருக்கிறது.

கேப்டன் மீதான குற்றத்தைத் தள்ளிவிட்டார்கள். சிவப்பு அட்டையும் அவர் கணக்கிலிருந்து போய்விட்டது. ஆட்டத்தின் முடிவை மாற்றமுடியாது, விதி அப்படி.

வெளியே தாழ்வாரத்தில் அவர் எனக்காகக் காத்திருந்தார். அடிப்பாரோ என்று நினைத்தேன். அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் போனேன். அவர் கை கொடுக்கவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. "எங்க வீட்ல என் பொண்ணே கேட்டா சார், நெஜமாவே கையில படலையாப்பான்னு. இன்னிக்குப் போய் அவகிட்டச் சொல்லணும்" என்றார். வேகமாகப் படியிறங்கிப் போனார்.

எனக்கு இரண்டு வருடம் முதல்நிலை லீக் கிடையாது. கீழ் லீக்கில் ஊதலாம். கோப்பில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு வேறு: பச்சை அணியின் ஆட்டத்துக்கு இனி எக்காலத்திலும் இவரை அனுப்பக் கூடாது. வாசித்துக் காட்டியபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, இருமி மறைத்தேன்.

அங்கிருந்து நேரே ஒரு கடைக்குப் போய் நான்கு முட்டை ஆம்லெட் சாப்பிட்டேன். பசி என்றால் எப்படி இருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது. போனையும் மறுபடி ஆன் செய்துவிட்டேன். அடிக்கட்டும்.

கடிதங்களை மாப்பிள்ளையிடம் கொடு.

அண்ணன்

மே 21

மச்சானுக்கு,

வணக்கம். நான்தான். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. லிஃப்ட் பழுது பார்த்துவிட்டு 'சரிசெய்யப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதோடு சரி. எங்கேயாவது தப்பிருந்தால் உங்கள் தங்கை திருத்தட்டும்.

நேற்று கடைசி ஆட்டம். டிரா ஆனால் தப்பித்தோம், தோற்றால் கீழே. நீங்கள் பார்த்திருப்பீர்கள், ஆனாலும் சொல்கிறேன். தொண்ணூறு நிமிடமும் ஒரு கோலும் இல்லை. ஆட்டம் என்று சொல்ல அதில் ஒன்றும் கிடையாது, எல்லாரும் பயந்து பயந்து பந்தை எங்கேயோ அடித்தார்கள். கேப்டன் மட்டும் எதிரே வந்ததையெல்லாம் தலையால் தள்ளிக்கொண்டே இருந்தார். அவர் இல்லாவிட்டால் மூன்று வாங்கியிருப்போம். கடைசி விசில் ஊதியதும் பக்கத்தில் நின்றிருந்த முன்பின் தெரியாத ஆளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவரும் என்னை விடவில்லை. குரல் போய்விட்டது. உங்கள் தங்கைக்கு இரண்டு நாள் நிம்மதி.

உங்கள் கடிதங்களை அவள் ஏப்ரல் முதல் வாரத்திலேயே கொடுத்துவிட்டாள். உடனே எழுதியிருக்கவேண்டும். எழுதாததற்குக் காரணம் கோபம் இல்லை.

அந்த நவம்பர் ஆட்டத்துக்கு நான் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது உங்களுக்கு ஒரு மெசேஜ் அனுப்பினேன். 'மச்சான், இன்னிக்குப் பாத்து ஊதுங்க, வீட்டுக்கு நீங்க சாப்பிட வரணும்ல' என்று. பஸ்ஸில் கூட இருந்தவர்களுக்கெல்லாம் படித்துக் காட்டிச் சிரித்தேன். விளையாட்டாகத்தான் அனுப்பினேன். அன்று மைதானத்துக்குள் நீங்கள் அதைத் தலையில் சுமந்துகொண்டுதான் நுழைந்தீர்கள் என்பது, தொடங்கியதிலிருந்தே பயம் என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு இடத்திலாவது அந்த மெசேஜைப் பற்றி எழுதியிருப்பீர்கள் என்று தேடினேன். எங்கும் இல்லை. விசாரணையிலும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் ஒத்துக்கொண்ட மனிதர் அதை மட்டும் விட்டுவிட்டீர்கள்.

இதை உங்கள் தங்கையிடமும் நேற்றுத்தான் சொன்னேன். நான் வாங்கிய திட்டை நீங்கள் கேட்டிருக்கவேண்டும், உங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

நான்கைந்து மாதம் உங்கள் ஆட்டம் வந்தால் பால்கனிக்குப் போனேன். எதிர்வீட்டுக்காரர் நான் சிகரெட் பிடிக்கக் கற்றுக்கொண்டேன் என்று நினைத்துவிட்டார். மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள், மச்சான்.

இன்னொரு விஷயம். இனி எங்கள் ஆட்டத்துக்கு உங்களை அனுப்பவே மாட்டார்கள் என்று எழுதியிருந்தீர்களே, அதை லீக் அலுவலகத்தில் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். அப்படியானால் நீங்கள் உட்கார்ந்து பார்க்கத் தடையில்லையாம். அடுத்த சீசனுக்கு என் பக்கத்து இருக்கையை உங்கள் பெயரில் எழுதிவைத்துவிட்டேன். பச்சைச் சட்டை எந்த அளவு என்று மட்டும் எழுதுங்கள். வந்து உட்காருங்கள், கத்துங்கள், அழுங்கள். ரெஃப்ரியைத் திட்டுவது மட்டும் என் வேலை. அதில் தலையிடாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்துவிடுங்கள். மாமா வருவார் என்று மகளிடம் சொல்லிவிட்டேன், இனி என்னால் மாற்றமுடியாது.

மாப்பிள்ளை