பொரிக்குப் போடும் தீவனம்

கணபதி, கோவை
13.6.2025

பிரத்யுஷா அப்பாவுக்கு,

நாங்கள் நலம். நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். போனில் பேசினால் மூன்றாவது வார்த்தையிலேயே இரண்டு பேரும் கத்த ஆரம்பித்துவிடுகிறோம். பிள்ளை பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். அதனால் இனி சொல்ல வேண்டியதை எழுதி, சனிக்கிழமை அவள் பொள்ளாச்சிக்கு வரும்போது பையில் வைத்து அனுப்புகிறேன். நீங்களும் ஞாயிறு அவளைக் கொண்டுவந்து விடும்போது அப்படியே செய்யுங்கள்.

போன வாரம் பிள்ளையோடு முயல் குட்டி பொரியை எந்தக் கோலத்தில் திருப்பி அனுப்பினீர்கள் என்று தெரியுமா? கூடையைத் திறந்ததும் பவுடர் வாசனை குப்பென்று அடித்தது. பரவாயில்லையே, குளிப்பாட்டி அனுப்பியிருக்கிறாரே என்று தூக்கினேன். பின்பக்கம் முழுக்கப் புழுக்கை களியாக அப்பிக் காய்ந்து கிடக்கிறது, அதன் மேல் பவுடரைக் கொட்டியிருக்கிறீர்கள். சீ! ஊறவைத்து, முடியைக் கத்தரித்து, பிசுபிசுவென்று விரலில் ஒட்டியதையெல்லாம் நான்தான் எடுத்தேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

உங்களுக்கு எதையும் கழுவ வராது, தெரிந்ததுதான். ஆபரேஷன் முடிந்து வந்து நான் வாந்தியெடுத்தபோது, கர்ச்சீப்பை மூக்கில் வைத்துக்கொண்டு அறை வாசலிலேயே நின்று, "அக்காளை வரச் சொல்லட்டுமா?" என்று கேட்டவர்தானே. நான் அன்றைக்கே பாதி கிளம்பிவிட்டேன். மீதி கிளம்பத்தான் ஒரு வருஷம் ஆயிற்று.

பொரிக்குக் கிண்ணம் நிறைய என்ன போட்டீர்கள் என்று பிள்ளையைக் கேட்டேன். உங்கள் கடையில் ஆட்டுக்குட்டிக்கு விற்கிற குச்சித் தீவனமாம், கூடவே பிஸ்கட்டாம். முயலுக்குப் புல்தான் சாப்பாடு. என் வீட்டில் காய்ந்த புல்லைத் தவிர வேறு எதுவும் கிடையாது. புல்லும் கொடுத்தனுப்பியிருக்கிறேன். அதை மட்டும் போடுங்கள்.

லோகப்பிரியா


பொள்ளாச்சி
15.6.2025

அன்புள்ள லோகு அம்மணிக்கு,

கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் நீ எனக்கு எழுதின முதல் கடிதம். ஆசையாகப் பிரித்தேன். முழுக்க முயலின் பின்பக்கமாகவே இருக்கிறது.

தீவனக் கடைக்காரனுக்கே தீவனம் போடச் சொல்லித் தருகிறாய். சரி, இதையும் கேட்டுக்கொள். உன் வீட்டிலிருந்து வரும்போதெல்லாம் குட்டியின் முதுகெலும்பு கையில் தட்டுகிறது. கடைத் தராசில் வைத்துப் பார்த்தால் எடை ஏறவே இல்லை. வளர்கிற ஜீவனுக்கு வெறும் புல்லைப் போட்டால் எங்கிருந்து சதை பிடிக்கும்? நான் தீவனம் போட்டதில் ஒரே நாளில் கண்ணில் ஒரு தெளிச்சி வந்தது. நீ நம்பமாட்டாய்.

ஆனால் எனக்கும் குமட்டத்தான் செய்கிறது. அது குனிந்து தன் பின்பக்கத்திலேயே வாயை வைத்து, வருகிற புழுக்கையை அப்படியே தின்கிறது! என் கண்ணால் பார்த்தேன். இதைக் கையால் தொட்டுக் கழுவு என்றால் நான் என்ன செய்வேன்? பவுடர் போட்டதே பெரிசு. நான் அப்படியே வளர்ந்துவிட்டேன், அதற்காக ஆளே வேண்டாம் என்று போய்விடுவாயா?

ஒரு நல்ல செய்தி. நீ வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டால் ஆடியில் கருப்பராயனுக்குக் கிடா வெட்டுவதாக முத்தாத்தாள் அக்கா நேர்ந்திருக்கிறது. சந்தையில் கிடாயும் பிடித்துவந்து ஆட்டுக் கொட்டத்தில் கட்டியாகிவிட்டது. நம் தீவனம் தின்று நன்றாகத் தேறிவருகிறது. சனி ஞாயிறில் பிரத்யுஷாதான் அதற்குச் சோளத்தட்டு வைக்கிறாள். பெரியவர்கள் வந்து கூப்பிடும்போது மறுத்துப் பேசாதே, கண்ணு.

உன்,
மனோஜ்குமார்


கணபதி, கோவை
20.6.2025

பிரத்யுஷா அப்பாவுக்கு,

இந்த வாரம் எழுதவே அருவருப்பாக இருக்கிறது. ஆனாலும் உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும்.

பொரியை முயல் பார்க்கிற டாக்டரம்மாவிடம் கொண்டுபோனேன். உங்களைத் திட்டுவார் என்று ஆவலோடு உட்கார்ந்திருந்தேன். முதல் திட்டு எனக்குத்தான். "பெரிய முயலுக்குச் சொன்னதைப் படிச்சுப்போட்டு குட்டிக்குச் செஞ்சிருக்கீங்க. வளர்ற வயசு, பெல்லட்டும் வேணுமுங்க" என்றார். அடுத்த திட்டு உங்களுக்கு. ஆட்டுத் தீவனம் ஆகவே ஆகாது, முயலுக்கென்று விற்கிற பெல்லட் தீவனம்தான் வேண்டும், அதையும் அளந்துதான் போட வேண்டும். எந்நேரமும் முன்னால் புல் குவிந்திருக்க வேண்டும். புல்லை மென்றால்தான் பல் தேயுமாம், குடல் ஓடுமாம். இந்த வயதுக்குக் குதிரைமசால் தழையைக் காயவைத்துப் போட்டால் இன்னும் நல்லது. எதையும் ஒரே நாளில் மாற்றாமல், கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்க வேண்டும். இங்கே வெறும் புல், அங்கே வெறும் தீவனம் என்று வாரத்துக்கு இரண்டு தரம் வயிற்றைப் புரட்டினால் அது பேதியாகாமல் என்ன செய்யும் என்று கேட்டார்.

புழுக்கை தின்பதும் வியாதியில்லையாம். அதில் சத்து இருக்கிறதாம். அளவுக்கு மீறித் தீவனம் போட்டால்தான் அது தின்னாமல் விட்டுப் பின்பக்கம் ஒட்டிக்கொள்கிறது.

நல்ல பெல்லட் வாங்கி வைத்தேன். மூன்றாம் நாள் பாத்ரூமில் தண்ணீர் இறங்கவில்லை. பிளம்பர் வந்து வடிகால் ஜாலியைக் கழற்றினதும், ஊதிப் புளித்த கூழ் ஒன்று பழுப்பாகப் பொங்கி வந்தது. முழுக்கப் பெல்லட். பிளம்பரே வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தார். நான் வாளி வாளியாக அள்ளினேன். அந்த நாற்றம் இன்னும் என் நகக்கண்ணில் இருக்கிறது.

பிரத்யுஷாதான் கொட்டியிருக்கிறாள். அடிக்கவே கை ஓங்கிவிட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அதைத் தின்னா குண்டாயிரும்மா. குண்டானா மஞ்சத் தண்ணி ஊத்தி வெட்டிருவாங்க."

சித்திரையில் உங்கள் அக்கா பேரனுக்குக் காது குத்திக் கிடா வெட்டினபோது இவளை முன்வரிசையில் நிற்கவைத்தீர்களே, அந்தக் கிடாய்க்கும் இவள்தான் தீவனம் வைத்தாளாம். நமக்குத் தெரியாமல் நம் பிள்ளை என்ன கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள் பாருங்கள். எனக்கு உங்கள் மேலும் வெறுப்பு, என் மேலும் வெறுப்பு.

பெல்லட்டும் அளக்கும் கப்பும் பையில் இருக்கின்றன. காலையில் ஒரு கப், சாயங்காலம் ஒரு கப். புல் மட்டும் தீரக்கூடாது. பின்பக்கம் இன்னும் புண் ஆறவில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துத் துடைத்து ஈரம் போக உலர்த்த வேண்டும். இந்தத் தடவை அதை நீங்கள் செய்யுங்கள், உங்கள் கையால், பிள்ளை பார்க்கிற மாதிரி. பெரியவர்கள் வரும் முன்னால் எனக்கு அது ஒன்று தெரிந்தால் போதும். திரும்பி வரலாமா என்று நானும் யோசிக்காமல் இல்லை.

லோகப்பிரியா


பொள்ளாச்சி
22.6.2025

அன்புள்ள லோகுவுக்கு,

கழுவினேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். குமட்டியது, ஒரு தரம் எழுந்துபோய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தேன், ஆனால் கழுவினேன். கையுறைகூடப் போடவில்லை.

ஆனால் ஒரு முட்டாள்தனம் செய்துபோட்டேன். புண் என்று நீ எழுதியிருந்தாய் அல்லவா, புண்ணுக்கு நல்லது என்று தண்ணீரில் மஞ்சள் கலந்தேன். களத்தில் உட்கார்ந்து பொரி மேல் அந்தத் தண்ணீரை ஊற்றினேன். அது உடம்பைச் சிலிர்த்து உதறியது. சாமி முன்னால் மஞ்சள் தண்ணீர் தெளித்ததும் கிடாய் சிலிர்க்குமே, உத்தரவு கிடைத்துவிட்டது என்று நாம் அரிவாளை ஓங்குவோமே, அதே மாதிரி. எனக்கு அது உறைக்கவே இல்லை, லோகு. பிள்ளை போட்ட சத்தத்தில்தான் உறைத்தது.

"வேண்டாங்கப்பா, அது இன்னும் குண்டாகலீங்கப்பா!" என்று கத்திக்கொண்டு பொரியைப் பிடுங்கிப் போய்க் குடோனுக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். கதவுக்கு வெளியே உட்கார்ந்து நான் கெஞ்சாத கெஞ்சல் இல்லை. என் கை முழுக்க மஞ்சளும் புழுக்கையும். என் பிள்ளை என்னைப் பார்த்தா இப்படிப் பயப்படுகிறாள் என்று நினைத்தபோது என்னை நினைத்து எனக்கே குமட்டியது. முயலைக் கழுவினபோது வந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை.

பசிக்குத்தான் வெளியே வந்தாள். அப்போதும் பொரியை என்னிடம் தரவில்லை. புல்லை நானே கையில் பிடித்து நீட்டினேன். பொரி வந்து தின்றது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கிடாய் விஷயம் அக்காளிடம் பேசினேன். கருப்பராயனுக்கு நேர்ந்ததை மாற்றினால் குடும்பத்துக்கு ஆகாது என்கிறது. நான் என்ன செய்ய? ஒரு வழி இருக்கிறது. நீ வந்த பிறகு, கிடாயைச் சந்தையில் விற்றுவிட்டோம் என்று பிள்ளையிடம் சொல்லிக்கொள்ளலாம். அன்றைக்கு அவளை உன் அம்மா வீட்டில் விட்டுவிடலாம். கறி வீட்டுக்குள் வராமல் நான் பார்த்துக்கொள்கிறேன். பிள்ளைதானே, நாலு நாளில் மறந்துவிடும். நீ வா, கண்ணு. உனக்காகத்தான் இவ்வளவும்.

உன்,
மனோஜ்


கணபதி, கோவை
27.6.2025

பிரத்யுஷா அப்பாவுக்கு,

இதைத் தபாலில் அனுப்புகிறேன். இந்தச் சனிக்கிழமை அவள் வரவில்லை. காய்ச்சல் ஒன்றுமில்லை, வரமாட்டேன் என்கிறாள். அடுத்த வாரம் அனுப்பப் பார்க்கிறேன். பொரி இங்கேயே இருக்கட்டும். புண் ஆறிவிட்டது, புழுக்கை உருண்டையாக, காய்ந்து, நன்றாக இருக்கிறது. முதுகெலும்பும் இப்போது தட்டுவதில்லை.

நீங்கள் கழுவினதைப் படித்து அழுதேன். பொய்யில்லை. அந்தப் பக்கம் வரைக்கும் படித்தபோது, துணிமணியை எடுத்து வைக்கலாம் என்றே தோன்றியது. அடுத்த பக்கத்தைத் திருப்பாமல் இருந்திருக்கலாம்.

நான் கறி தின்னாதவள் இல்லை. உங்கள் குலதெய்வம் கோயிலில் எத்தனை விருந்தில் இரண்டாம் தரம் கேட்டு வாங்கித் தின்றிருக்கிறேன். கிடாய் வெட்டுவதை நான் குறை சொல்லவில்லை. நான் வாசலில் கால் வைத்ததும் அந்தப் பிள்ளையிடம் சொல்லும் முதல் வார்த்தையே பொய்யாக இருக்க வேண்டும், அதுவும் அவள் கையால் தீவனம் தின்கிற ஜீவனைப் பற்றி. அதை இவ்வளவு அழகாகத் திட்டம் போட்டு, "உனக்காக" என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். சீ! இது தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற அழுக்கு இல்லை.

புதன்கிழமை பொரிக்குப் புல் வைத்துக்கொண்டே அவள் கேட்டாள். "நீ அங்க போனா அந்தக் கிடாயை வெட்டிருவாங்களாம்மா? அத்தை சொல்லுச்சு." நீங்கள் சொல்லச் சொன்னது வாய் வரைக்கும் வந்தது. வெளியே வரவில்லை. "ஆமா கண்ணு" என்றேன். "போகாட்டி?" என்றாள். "போகாட்டி வெட்ட மாட்டாங்க" என்றேன். அவள் பெல்லட்டை அளந்து, கப்பின் தலையைத் தட்டிச் சமம் செய்து, தானே பொரி முன்னால் வைத்தாள். ஒன்றைக்கூடக் கொட்டவில்லை.

பெரியவர்களை அனுப்ப வேண்டாம். அவர்களுக்கு அலைச்சல். அக்காளிடம் மரியாதையாகவே சொல்லிவிடுங்கள். வேண்டுதல் நிறைவேறினால்தானே கிடாய், கருப்பராயனுக்குக் கோபம் வர இதில் ஒன்றுமில்லை.

கொட்டத்தில் கட்டியிருக்கிற அதற்குத் தீவனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் புல்லைக் கூட்டுங்கள். இனி அது ரொம்ப நாள் இருக்க வேண்டியது.

இப்படிக்கு,
லோகப்பிரியா