சட்டை போட்ட கருப்பட்டி

ராமநாதபுரம்
12.7.1961

அன்பு மகள் சண்முகவள்ளிக்கு அய்யா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் வெயிலுக்கும் உப்புத் தண்ணீருக்கும் பழகிப்போய் சுகமாகவே இருக்கிறோம். மலாயாவில், ஈப்போவில் நீயும் மாப்பிள்ளை ராமசுப்பிரமணியனும் பேரன் மருதுவும் எங்களைவிட ஒரு பங்கு கூடுதலாகவே சுகமாயிருக்க நம் குலசாமியை வேண்டிக்கொள்கிறேன். மூன்றாம் வகுப்பில் பாதியில் ஓடி வந்தவன் கையெழுத்து இது, மாப்பிள்ளை ஆபீஸில் கணக்கு எழுதும் பெரிய கிராணியார், இதைப் படித்துத் தலைவலி வந்தால் தைலம் தடவிக்கொண்டு மிச்சத்தைப் படிக்கச் சொல். போன கடிதத்தில் நீ அனுப்பிய போட்டோவை நான் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு ஊரெல்லாம் காட்டியது உனக்குத் தெரியும். புதுக் காருக்குள் முன்சீட்டு முதுகில் இரண்டு கொக்கியால் மாட்டித் தொங்கும் குட்டி நாற்காலி, அதில் நம் பேரன், அவன் கையில் ஒரு விளையாட்டு ஸ்டேரிங், வாயில் விரல். அந்த நாற்காலியை நானும் ஆகா ஓகோ என்று எழுதியிருந்தேன். அந்தப் பேச்சை இப்போது திருப்பி வாங்கிக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், குறுக்கே பேசாமல் கேள் ஆத்தா, சின்ன வயதில் கேட்ட மாதிரி இல்லாமல்.

எங்கள் முதலாளி வாவு முகம்மது அந்தப் போட்டோவைப் பார்த்துவிட்டு, "ஏப்பா பொன்னுச்சாமி, ஒம் பேரன் ஒன்னைய மாதிரியே ஸ்டேரிங்கக் கெட்டியாப் புடிச்சிருக்கான், ஆனா அவன் முகத்துல ஒரு அறிவு தெரியுது" என்றார். அதோடு விட்டாரா, அவர் பேத்தி உம்மு ஹபீபாவுக்கும் ஒன்றரை வயது ஆகிறது, அவளுக்கும் அதே போல் ஒன்று வேண்டும் என்றார். கொல்லுப்பட்டறை கனியிடம் போட்டோவைக் காட்டினேன். அவன் அதைத் தலைகீழாகக் கூடப் பிடித்துப் பார்த்துவிட்டு, இரும்புக் குழாயை வளைத்து, கித்தான் துணி தைத்து, மேலே இரண்டு கொக்கி, முன்னால் ஒரு கம்பி நட்டு அதன் தலையில் மரத்தால் ஸ்டேரிங் ஒன்று வைத்து, நாலே நாளில் அச்சு அசலாகக் கொடுத்துவிட்டான். மேலே ஊதா வர்ணம் வேறு. முதலாளியின் பிளஷர் காரில் முன்சீட்டு முதுகில் மாட்டினோம், பாப்பா வெள்ளிக்கிழமை முதல் அதில் ஏறுவதாகப் பேச்சு.

அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமைதான் உன் வேண்டுதல். மருதுவுக்கு எட்டாம் மாதம் வயிற்றுப்போக்கு வந்து கிடந்தபோது, பிழைத்து எழுந்தால் எடைக்கு எடை கருப்பட்டி என்று நீ நம் குலசாமிக்கு நேர்ந்துகொண்டாயே, அதை முடித்துவிடச் சொல்லி இருபத்திரண்டு ராத்தல் என்று ஆஸ்பத்திரி எடையையும் எழுதியிருந்தாய். சுஐபு கடையில் ராத்தல் கல்லெல்லாம் மூலைக்குப் போய்விட்டது, இப்போது கிலோக் கல்தான். அவர் கணக்குப் போட்டு, "பத்துக் கிலோ வருதுண்ணே, பேரன் நல்ல கொழுக்கட்டைதான்" என்று சொல்லி எடை பார்த்து ஒரு ஓலைப்பெட்டியில் அடுக்கிக் கட்டிக் கொடுத்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தால் உன் அம்மா அதைத் தூக்கிப் பார்த்தாள், கீழே வைத்தாள், மறுபடி தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். இவ்வளவு கனமா இருக்கான் என்றாள். நான் சும்மா இருப்பேனா, பேரன் கப்பல் ஏறி வந்திருக்கிறான், வெறும் உடம்போடா கூட்டிப் போவாய் என்று கேட்டேன். அவள் மருதுவுக்கு அனுப்பத் தைத்து வைத்திருந்த பூப்போட்ட சட்டையை எடுத்து ஓலைப்பெட்டிக்கு மாட்டி, பொத்தான் போட்டு, மேலே கண் மை எடுத்து ஒரு திருஷ்டிப் பொட்டும் வைத்துவிட்டாள். முதலாளி அன்றைக்குக் காரைக் கொடுத்திருந்தார். கருப்பட்டிப் பேரனை அந்தக் கொக்கி நாற்காலியில் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார வைத்து, கித்தான் வாரை இடுப்பில் மாட்டி, இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு கோயிலுக்குப் புறப்பட்டோம். வழியெல்லாம் அவனுக்கு ஊர் காட்டிக்கொண்டு வந்தாள். ஒரு கையை அவன் மேல் வைத்தபடிதான் வந்தாள், அதை ஞாபகம் வைத்துக்கொள்.

உச்சிப்புளி தாண்டி ஒரு ஆட்டுக்கிடா குறுக்கே பாய்ந்தது. நான் இருபது மைலுக்கு மேல் போகவில்லை, உன் அம்மா உட்கார்ந்தால் எனக்கு அதற்கு மேல் போக அனுமதியும் இல்லை. பிரேக்கை அமுக்கினேன். கிடா பிழைத்தது, எங்களுக்கும் ஒன்றும் இல்லை. ஆனால் வண்டிதான் நின்றது, உள்ளே இருந்த பேரன் நிற்கவில்லை. நாற்காலி முன்னால் சாய்ந்தது, இரண்டு கொக்கியும் சீட்டை விட்டு மேலே வழுக்கிக் கழன்றது, மொத்தமாகப் பறந்து போய் முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள எதிர்ப்பலகையின் இரும்பு விளிம்பில் இடித்துக் கீழே விழுந்தது. உன் அம்மா கை அவன் மேலேயேதான் இருந்தது. பிடித்துக்கொண்டுதான் இருந்தாள். இரண்டு வளையல் உடைந்தது, சட்டைத் துணியில் ஒரு பிடி அவள் விரலில் கிழிந்து வந்தது, அவ்வளவுதான் அவளால் பிடிக்க முடிந்தது. நான் குனிந்து எடுத்தேன். அந்த விளையாட்டு ஸ்டேரிங்கின் மரச் சக்கரம் தெறித்துவிட்டது, அது இருந்த கம்பி ஓலைப்பெட்டிக்குள் புகுந்து, சட்டையின் இரண்டாவது பொத்தானுக்குக் கீழே குத்தி நின்றது.

அன்றைக்கு வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்த உன் அம்மா கீழே குனிந்தாள். நொறுங்கின கருப்பட்டியை ஒரு துகள் விடாமல் சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவி மடியில் சேர்த்துக்கொண்டாள், பேரன் எடையில் ஒரு துண்டு குறையக் கூடாதாம். பூசாரி அதைப் பார்த்துவிட்டு, "எதுக்கு ஆத்தா கலங்குற, முழுசாக் கொண்டாந்தாலும் பானக்கத்துக்கு ஒடைச்சுத்தானே கரைக்கப் போறோம்" என்று நல்ல மனதாகத்தான் சொன்னார். அதைக் கேட்டுத்தான் அவள் அழுதாள். பானக்கம் வந்திருந்த எல்லாருக்கும் ஊற்றினோம், நன்றாக இருந்ததாம், நான் குடிக்கவில்லை.

நேராக முதலாளி வீட்டுக்குப் போய் அந்த நாற்காலியை முற்றத்தில் வைத்தேன். அவர் கம்பியைப் பார்த்தார், கித்தானைப் பார்த்தார். வெள்ளிக்கிழமைக்கு மூன்று நாள்தான் இருந்தது. "அல்லா காப்பாத்துனான்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, "நீ மெதுவா ஓட்டுறவன் பொன்னுச்சாமி, ஒங்கிட்டயே இப்புடின்னா" என்று நிறுத்திக்கொண்டார். வண்டி ஓட்டுகிற வேலையில் எனக்கு இருபத்தாறு வருஷம். எத்தனை பிள்ளைகளை முன்சீட்டில் நிற்க வைத்துக் கொண்டுபோயிருக்கிறேன், உன்னையே ஒரு கையால் அணைத்துக்கொண்டு பரமக்குடி வரை லாரி ஓட்டியிருக்கிறேன். ஒன்றும் ஆகவில்லை என்பதால் சரியாகச் செய்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கிடா எதுவும் குறுக்கே வரவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

கனியிடம் போனேன். "அண்ணே, தொங்குறதுக்குத்தானே கொக்கி போட்டேன், பறக்குறதுக்கு இல்லயே" என்றான். அவன் சொன்னதுதான் சரி. கொக்கி கீழே விழாமல் தாங்கும், முன்னால் போவதைத் தாங்காது. அப்புறம் எனக்கு மண்டபம் ரயில் ஞாபகம் வந்தது. டிரைவர் பிரேக் போட்டால் எஞ்சினைப் பார்த்து உட்கார்ந்தவர்கள் எதிர்ச்சீட்டுக்காரர் மடியில் போய் விழுவார்கள், எஞ்சினுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தவர்கள் பலகையில் சாய்வதோடு சரி. உன் சித்தப்பா ஒரு தடவை முன்பின் தெரியாத சம்சாரி ஒருவர் மடியில் போய் உட்கார்ந்து அடி வாங்கினாரே, அதே ரயில்தான். அதனால் பிள்ளையைப் பின்பக்கம் பார்க்க உட்கார வைப்பது என்று முடிவு செய்து, பத்து நாள் நானும் கனியும் மண்டையை உடைத்துக்கொண்டு வேறு ஒன்று செய்தோம். காரின் பின்சீட்டில் நடுவில் வைப்பது. முதுகுப் பலகை பிள்ளையின் தலைக்கு மேலே நாலு விரல் உயரம், இரண்டு பக்கமும் தலை சாயாமல் தடுப்பு, உள்ளே முழுக்கத் தேங்காய் நார் திணித்துத் தைத்தது. அடிச்சட்டத்திலிருந்து நாலு இரும்புப் பட்டை இறங்கி, காரின் தரைத் தகட்டைத் துளைத்து, அடியில் உள்ளங்கை அகலத் தகடு கொடுத்து நட்டுப் போட்டு முறுக்கியது. வெறும் நட்டு என்றால் தகட்டைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். வாருக்கு நாடாக் கட்டில் நாடா, இரண்டரை விரல் அகலம், ஒல்லி வார் என்றால் அதுவே பிள்ளை உடம்பை அறுத்துவிடும். தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, காலுக்கு நடுவில் ஒன்று. இடுப்பு வார் வயிற்றில் படக் கூடாது, கீழே எலும்பில் படவேண்டும். ஸ்டேரிங்கும் இல்லை ஊதாவும் இல்லை, ஒரு கூர்முனை கிடையாது.

பத்துக் கிலோ மணலை மூட்டையாகக் கட்டி அதில் வைத்து, உப்பளத்துப் பக்கம் வெட்டவெளியில் பிரேக் போட்டுப் போட்டுப் பார்த்தேன். முதல் தடவை வண்டி நின்று பின்னுக்குக் குலுங்கியதில் மூட்டை வாருக்கு அடியில் நழுவி வந்துவிட்டது. பார்த்தால் உன் அம்மா, பிள்ளைக்கு மெத்தென்று இருக்கட்டும் என்று எனக்குத் தெரியாமல் ஒரு தலையணையை அடியில் சொருகியிருந்தாள். பிரேக் போட்டதும் அது அமுங்கி வார் தொளதொளவென்று ஆகிவிட்டது. தலையணையை எடுத்து, வாருக்குள் இரண்டு விரல் மட்டும் நுழைகிற மாதிரி இறுக்கினேன். அப்புறம் பத்து மைலில் ஆரம்பித்து முப்பது வரை ஏழு தடவை, மூட்டை அசையவில்லை, பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த கனிதான் இரண்டு தடவை உருண்டான். இப்போது உம்மு ஹபீபா அதில்தான் ஏறுகிறாள். முதல் நாள் கத்தினாள், மூன்றாம் நாள் தூங்கிவிட்டாள்.

அதனால் ஆத்தா, அந்தக் கொக்கி நாற்காலியை இந்தக் கடிதம் கிடைத்த அன்றே கழற்றிவிடு. அப்படியானால் மடியில் வைத்துக்கொள்கிறேன் அய்யா என்று எழுதாதே, உன் அம்மா கையைவிட உன் கை கெட்டியில்லை. மெதுவாகத்தானே ஓட்டுகிறேன் என்று மாப்பிள்ளை சொல்வார், நானும் மெதுவாகத்தான் ஓட்டினேன். கனி அளவெல்லாம் போட்டுப் படம் வரைந்து கொடுத்திருக்கிறான், இதோடு வைத்திருக்கிறேன், இந்தத் தடவை நேராகத்தான் வரைந்திருக்கிறான். அங்கே நைலான் நாடா கிடைக்குமாம், அது இன்னும் உசத்தி. வாரைப் பூட்டும் கொளுவி ஒரே இழுப்பில் நமக்குக் கழலவேண்டும், பிள்ளை கைக்குக் கழலக் கூடாது. செய்து மாட்டும் வரை பேரனைக் காரில் ஏற்ற வேண்டாம், கடைக்கு நடந்து போங்கள், மாப்பிள்ளைக்கும் தொந்தி வற்றும். டிரைவர் மாமனார் கிராணியாருக்குப் பாடம் எடுக்கிறாரா என்று அவர் முகம் சுண்டினால், இதெல்லாம் நீயே யோசித்ததாகச் சொல்லிவிடு. நம்ப மாட்டார், இருந்தாலும் சொல்லிப் பார்.

மற்றபடி வீட்டில் செவலைப் பசு ஈன்றது, கிடாரிக்கன்று. மழை இன்னும் இல்லை. உன் அம்மா வேறு சட்டை தைத்துக்கொண்டிருக்கிறாள். பழையதைத் துவைத்துக் கிழிசலை மூட்டி அனுப்பலாமே என்றேன், என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஊசியில் நூலைக் கோர்த்தாள். நீயும் மாப்பிள்ளையும் நிறைந்த ஆயுசோடு இருக்க வேண்டும், என் பேரன் மருது வளர்ந்து நிஜ ஸ்டேரிங்கைப் பிடித்து, பின்சீட்டில் என்னை உட்கார வைத்து ஓட்டவேண்டும், நானும் வார் மாட்டிக்கொள்கிறேன்.

உன் அம்மாவிடம் சொல்லாத ஒன்றை உன்னிடம் சொல்கிறேன். மறுநாள் காரைக் கழுவும்போது பிரேக் மிதிகட்டைக்கு அடியில் ஒரு கருப்பட்டித் துண்டு கிடந்தது, கட்டைவிரல் பருமன். ஆக உன் வேண்டுதலில் அந்தத் துண்டு பாக்கி இருக்கிறது. கொண்டுபோய்க் கரைக்க எனக்கு அரை நாள் போதும், ஆனால் கொக்கியைக் கழற்றிவிட்டேன் என்று உன் கையால் எழுதிய கடிதம் வருகிற அன்றைக்குத்தான் கரைப்பேன். அதுவரை போட்டோவோடு என் சட்டைப்பையில் இருக்கும். இப்போதே எறும்பு வர ஆரம்பித்துவிட்டது, சீக்கிரம் எழுது.

இப்படிக்கு,
உன் அய்யா
பொன்னுச்சாமி