தானாக ஓடும் தறி

அன்பு மகள் ஞானசெல்விக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நான் இங்கே சுகம், ஜெர்மனியில் நீயும் மருமகனும் பேத்தியும் குளிர் தாங்குகிறீர்களா? எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள் தாயி, மூன்று நாளாக எழுதுகிறேன். அறுபத்தெட்டு வயதில் என் கையால் எழுதும் முதல் கடிதம், பேனாவை மூடவே மனமில்லை. திருச்சுழிப் பக்கம் இன்னும் மழை இல்லை, கம்பு விதைக்காமல் கிடக்கிறது.

போனில் நீ வேகமாகப் பேசிவிடுகிறாய், எனக்குப் பதில் மறுநாள்தான் வருகிறது. கடவுள் உலகத்தை ஓடவிட்டுப் போய்விட்டார், அம்மாவுக்காக நாம் முழங்காலில் நின்றது அவர் காதில் விழவே இல்லை, பிள்ளைக்கு ஞானஸ்நானம் எதற்கு என்று கேட்டாய். அருப்புக்கோட்டையில் முப்பது வருடம் விசைத்தறி ஓட்டியவன் நான். சுவிட்சைப் போட்டால் தறி தானாக ஓடும்தான். அதற்காகத் தறியில் பாவு நூல் ஏற்றியவன் டீக்கடைக்குப் போய்விடுவானா? கண் எடுக்காமல் நிற்பான், ஒரு இழை அறுந்தாலும் தறியை நிறுத்தி முடிச்சுப் போடுவான். தன் தறியைத் தானே நிறுத்துகிறவனை யார் தப்புச் சொல்வது? அற்புதம் என்பதை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். எல்லாம் கட்டுக்கதை என்றாயே, அதையும் யோசித்தேன். உயிர்த்தெழுந்த இயேசுவை முதலில் பார்த்தது பெண்கள், அந்தக் காலத்தில் பெண் சாட்சிக்கு மதிப்பில்லை என்று நம்ம சர்ச் ஐயர் சொல்வார். பஞ்சாயத்தில் பொய்ச்சாட்சி ஜோடிக்கிறவன் பேச்சு எடுபடாத ஆளையா கூட்டி வருவான்? நடந்தது அப்படி, அதனால் அப்படியே எழுதினார்கள்.

அம்மா ஏன் பிழைக்கவில்லை என்று எனக்குத் தெரியாது, தெரிந்தது போல எழுதினால் அது பொய். ஆனால் வேதத்தில் நானே எழுத்துக் கூட்டி வாசித்த முதல் இடம், சிநேகிதன் கல்லறையில் இயேசு அழுதது. நோட்டில் 'அளுதார்' என்று எழுதிக் காட்டினேன். முதியோர் வகுப்பில் எனக்குப் பாடம் சொல்லித்தரும் முத்துலட்சுமி, "தாத்தா, உங்க சாமி அழுததுலயும் எழுத்துப் பிழையா?" என்று சிரித்தது. எந்த 'ள' போட்டாலும் கண்ணுல தண்ணி ஒண்ணுதானே தாயி என்றேன், சொன்னதும் எனக்கே அழுகை வந்துவிட்டது. விட்டுவிட்டுப் போனவர் கல்லறைக்கு வந்து அழமாட்டார்.

ஞானஸ்நானம் உன் இஷ்டம், நான் வற்புறுத்தவில்லை. அவரோடு பேசாமல் மட்டும் இருந்துவிடாதே, கோபத்தையாவது அவரிடமே சொல். அவருக்குக் காது இல்லையென்று நீ நிஜமாக நம்பியிருந்தால் இத்தனை கோபம் வந்திருக்காது.

பேத்திக்குக் குல்லா போடாமல் வெளியே தூக்காதே. மருமகனைக் கேட்டதாகச் சொல். கர்த்தர் உங்கள் மூவரையும் தம் கைக்குள் வைத்திருப்பாராக. நீ பதில் போடாவிட்டாலும் அடுத்த வாரம் எழுதுவேன், பெற்றவனால் பேசாமல் இருக்க முடியாது.

இப்படிக்கு,
உன் அப்பா
வேதமுத்து