முழு விலைக்கு வாங்கிய கடல்

இன்று காலை கடை ஷட்டரைப் பாதி தூக்கும்போதே கைப்பேசி சிணுங்கியது. நீயும் நானும் ஆடிய படகு வீடியோ விளையாட்டு இந்த வாரம் மட்டும் கால் விலைக்குக் கிடைக்கிறதாம். பின்னால் நின்றிருந்த அத்தா திரையை எட்டிப் பார்த்தார். "பாத்தியாம்மா? ஒரு வருசம் பொறுத்திருந்தா உன் சிநேகிதிக்கு எவ்ளோ மிச்சமாயிருக்கும்" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. "அந்த ஒரு வருசம் அவளுக்கு ஏது அத்தா?" என்று கேட்டேன். அவர் துடைப்பத்தை எடுத்துக்கொண்டார். மத்தியானம் ஆகியும் எனக்கு ஆறவில்லை. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

நீ முதன்முதலில் எங்கள் பேன்சி கடைக்கு வந்தது திரைமேல் ஒட்டும் ஒரு ஸ்கிரீன் கார்டுக்காக. கலெக்டர் ஆபீஸில் தட்டச்சு வேலை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஒரு கையடக்க விளையாட்டுக் கருவி. அந்தத் திரை அளவுக்குக் கள்ளக்குறிச்சி முழுக்க யாரிடமும் கார்டு இல்லை. பெரிய டேப்லெட்டுக்கான கார்டை வெட்டி ஒட்டிக் கொடுத்தேன். "நீங்களும் வெளாடுவீங்களா?" என்று நீ கேட்டாய். இந்த ஊரில் என்னிடம் அந்தக் கேள்வியைக் கிண்டல் இல்லாமல் கேட்ட முதல் ஆள் நீதான்.

அடுத்த மாதமே நாம் சண்டை போட்டோம். விளையாட்டுகளைத் தள்ளுபடியில் மட்டுமே வாங்குவேன் என்று நான் பெருமையடித்துக்கொண்டேன். நீ என் பட்டியலை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாய்.

"முப்பது வாங்கி வெச்சிக்கினு இருக்க. எத்தினி முடிச்ச?"

"ரெண்டு."

"அப்ப மிச்சம் புடிச்சது ஆரு? நீயா, வித்தவனா?"

நீ வருடத்துக்கு இரண்டுதான் வாங்குவாய். வெளிவந்த அன்றே, முழு விலைக்கு, உன் சம்பளத்தில். ஆனால் எல்லாரும் வாங்குகிறார்கள் என்பதற்காக ஒன்றையும் நீ தொட்டதில்லை. ஊரே பேசிய அந்தப் போர் விளையாட்டு வந்தபோது நான் வாங்கத் துடித்தேன். "அத அரகொறையா செஞ்சி விக்கறாங்க. ஆறு மாசம் போவட்டும், சரி பண்ணுவாங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்றாய். செய்தவர்கள் முழுசாகச் செய்திருக்க வேண்டும், நமக்கு அது இந்த வாரமே வேண்டும். இரண்டும் இருந்தால்தான் முழு விலை. ஒன்று குறைந்தாலும் உன் பை திறக்காது.

பிறகு உன் சிறுநீரகங்கள் கெட்டன. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். அந்தச் சமயத்தில்தான் படகு விளையாட்டு வெளியானது. தனியாக ஒரு பெண், ஒரு பழைய படகு, பெயர் தெரியாத தீவுகள். வெள்ளிமலையில் பிறந்து, கடலை ஒரே ஒரு தடவை கடலூரில் பார்த்தவள் நீ. அந்த விளையாட்டுக்காக இரண்டு வருடம் காத்திருந்தாய். நான் என் பழைய புத்தியைக் காட்டினேன். "தீவாளிக்கு விலை கொறையும். ரெண்டே மாசம்தான்."

"தீவாளிக்கு நான் இருந்தா வேற ஒண்ணு வாங்கிக்கறேன்" என்றாய், சிரித்துக்கொண்டே. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்படி ஒரு யோசனை சொன்னதற்காக இன்றும் என்மேல் எனக்குக் கோபம் உண்டு.

நீ வாங்கிய மறுநாள் உன் அண்ணன் சாமை மூட்டையோடு மலையிலிருந்து இறங்கி வந்தார். வார்டிலேயே சத்தம் போட்டார்.

"மருந்து வாங்க நாங்க அங்க இன்னா பாடு படறோம்! நீ இங்க வெளாட்டு சாமான் வாங்கிக்கினு இருக்கியா?"

"மருந்து நாள தள்ளறதுக்குண்ணா" என்றாய். "தள்ளற நாள்ல நான் இன்னா பண்ணட்டும், சொல்லு?"

அவர் மூட்டையை என்னிடம் கொடுத்துவிட்டு பஸ் பிடிக்கப் போய்விட்டார்.

ஊசி குத்திய இடது கையை நீ அசைக்கக் கூடாது. அதனால் கருவியின் இரு பக்கப் பிடிகளையும் கழற்றி, ஒன்றை நீ வலது கையில் வைத்துக்கொண்டாய், மற்றதை எனக்குக் கொடுத்தாய். படகைத் திருப்புவது நீ, பாயை ஏற்றி இறக்குவது நான். முதல் நாள் பாறையில் ஒன்பது தடவை மோதினோம். நர்ஸ் வந்து, "சிரிக்காதீங்கம்மா, மெஷின் கத்துது" என்று அதட்டினார். பக்கத்துக் கட்டிலில் ரிஷிவந்தியத்துக்காரர் ஒருவர் படுத்திருப்பார். ஒவ்வொரு முறையும், "இன்னிக்கு எந்தத் தீவுங்க?" என்று கேட்பார். அவருக்காகத் திரையை நாம் திருப்பி வைப்போம்.

கடைசித் துறைமுகத்தை ஒரு வியாழக்கிழமை தொட்டோம். நீ கண்ணை மூடிக்கொண்டாய். "நல்லா செஞ்சிருக்கானுங்க" என்றாய். தீபாவளிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தபோது நீ போய்விட்டாய்.

காரியத்தன்று உங்கள் வீட்டு வாசலில் உன் சித்தி யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்: "கடைசி காலத்துல போய் வெளாட்டுல காச கொட்டுனா." எல்லாரும் துக்கத்தில் இருந்த இடம். மலைக்கு நான் விருந்தாளி, வேற்று ஆள். வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். முடியவில்லை.

"கொட்டலைங்க சித்தி. அவ வாங்குனதுல அதுதான் கொஞ்சங்கூட வீண் போவாத பொருள். ஆறு வாரம் அந்தக் கட்டில்ல அவ நோயாளியா இல்லைங்க. நான் கூடவே இருந்தேன்" என்றேன். யாரும் என்னை அதட்டவில்லை. உன் அண்ணன் மட்டும் வந்து ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார்.

உனக்குப் பிறகு என் பட்டியலில் தூங்கும் விளையாட்டுகளின் எண்ணிக்கை கூடவில்லை. மலிவு என்பதற்காக எதையும் வாங்குவதில்லை. போன மாதம் எல்லாரும் கொண்டாடிய ஒன்றை வேண்டாமென்று விட்டேன். சென்ற வெள்ளிக்கிழமை, மூன்றே பேர் சேர்ந்து செய்த ஒரு சின்ன விளையாட்டு வெளியானது. எனக்கு அது அன்றே வேண்டியிருந்தது. சங்கராபுரத்திலிருந்து வந்திருந்த அக்கா நான் பணம் கட்டுவதைப் பார்த்துவிட்டாள்.

"முப்பத்தஞ்சு வயசாவுது உனக்கு. கொஞ்ச நாள் போனா கம்மியா கெடைக்கும்ல?"

"கெடைக்கும்" என்றேன். "எனக்கு இப்ப வேணும்."

அதைச் சொன்னபோது என் குரலில் வெட்கம் இல்லை. ஆசைப்பட்டதற்கு யாரிடமும் சமாதானம் சொல்லாமல் நிற்பதை உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டேன். அதை நான் திருப்பித் தருவதாக இல்லை.