எட்டாம் தீர்த்தத்துக்கு ஒரு கதை

ஜூன் 4

எழுத்தாளர் ஐயாவுக்கு,

இங்கே நலம். அங்கே நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று நம்புகிறேன். கடிதமே போடாத மனுஷரை நம்பித்தானே ஆகவேண்டும்?

கோயிலுக்காக நீங்கள் எழுதும் தல வரலாற்றுக்குக் கேட்டதையெல்லாம் அனுப்பியிருக்கிறேன். சந்திரன் சாபம் தீர முழுகிய குளம், முனிவர் கோபத்தில் கமண்டலத்தைக் கவிழ்த்த சுனை என்று ஏழு தீர்த்தத்துக்கும் கதை உண்டு. எட்டாவதுக்குத்தான் ஒன்றுமில்லை. வழிகாட்டியாக நான் கூட்டிப்போகும் யாத்திரிகர்கள் "இங்க என்ன விசேஷம்?" என்றால், "காத்து நல்லா வரும்" என்பேன். அது என்ன இடம் என்று நம் இரண்டு பேருக்குத்தான் தெரியும். இன்றும் வேலை முடிந்ததும் அந்தக் கீழ்ப்படியில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறேன்.

உங்கள் வாயாடி

ஜூலை 19

என் வாயாடிக்கு,

புத்தகம் அச்சாகிவிட்டது, அனுப்பியிருக்கிறேன். எட்டாவதுக்கும் கதை கிடைத்துவிட்டது. செயல் அலுவலர் படித்துக் கண்கலங்கி, "இந்தக் கதைக்கே கூட்டம் அள்ளும்" என்றார். கோயில் பதிப்பகத்தில் எனக்கு நிரந்தர வேலை. அடுத்த மாதம் ஊருக்கே வந்துவிடுவேன். இனிமேல் ஒரே வீட்டில் இருந்து சண்டை போடலாம்.

உன்னவன்

ஆகஸ்ட் 2

வணக்கம்.

நாற்பத்தோராம் பக்கம் படித்தேன். பதினோரு நாள் குழந்தையைப் பறிகொடுத்த அம்மன், மார்பில் பால் கட்டி, வலி தாங்காமல் அந்தப் படியில் உட்கார்ந்து பாலைத் தண்ணீரில் பீய்ச்சினாளாம். அம்மனா? நான். பெற்ற அம்மாவிடம்கூட வாய் திறக்காமல் உங்களிடம் மட்டும் சொன்னது. பதினொன்று என்ற கணக்கைக்கூட மாற்றத் தோன்றவில்லையே உங்களுக்கு.

படிக்குக் கம்பித் தடுப்பு போட்டுவிட்டார்கள். நேற்று உட்காரப் போனால் காவலாளி, "வரிசையில வாங்கம்மா" என்கிறான். வழிகாட்டிகள் எல்லாரும் இந்தக் கதையைச் சொல்லியே ஆகவேண்டும் என்று உத்தரவு. தினம் நாலு தடவை சொல்கிறேன்.

ஆகஸ்ட் 11

அன்புள்ளவளுக்கு,

கோபம் வரத்தான் செய்யும். ஆனால் உன் பெயரை எழுதினேனா? உன்னை அம்மனாக அல்லவா ஆக்கியிருக்கிறேன். மூன்றாம் நாள் குழந்தைக்கு உயிர் வந்ததாக முடித்தேனே, அது நமக்காகத்தான். அவன் எனக்கும் குழந்தைதானே? இருபதாம் தேதி வருகிறேன், நேரில் பேசிக்கொள்ளலாம்.

உன்னவன்

ஆகஸ்ட் 16

நேற்று கூட்டத்தில் ஒரு பெண், சின்ன வயசு, எல்லாரும் நகர்ந்த பிறகும் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, இந்தக் கதை நிஜமா?"

"நிஜந்தாம்மா."

"மூணாம் நாள் குழந்தைக்கு உயிர் வந்துச்சா?"

"வரல."

என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். குழந்தை போய் இந்த ஒன்பது வருஷத்தில் பக்கத்தில் ஓர் ஆளை வைத்துக்கொண்டு அழுதது அதுதான் முதல் தடவை. கதையை மாற்றிச் சொன்னேன் என்று மேற்பார்வையாளர் என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். போகட்டும்.

உங்களுக்கும் குழந்தைதான். அப்படியானால் உங்கள் அழுகையை எழுதியிருக்கலாமே.

இருபதாம் தேதி ஊருக்கு வாருங்கள், அது உங்கள் வேலை. இந்த வீட்டுக்கு வரவேண்டாம். வாய் தவறி உங்களிடம் ஏதாவது சொல்லிவிடுவேனோ என்று பயந்துகொண்டே ஒருவரோடு குடித்தனம் நடத்த என்னால் முடியாது.

குழந்தையின் அம்மா